மாடி நாய்களும் அம்மாவின் பதினோரு கோழிகளும்

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தவர் இரண்டு வேட்டை நாய்கள் வைத்திருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். கால்கள் கொக்கின் கால் மாதிரி நீளம். அவற்றை முதல்முறை பார்த்த அன்றே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"இன்னாண்ணா, நாய்க்குச் சோறு போடறதில்லியா? எலும்ப எண்ணிடலாம் போல கீதே!"

"லேய் மரி, இது முதோள் நாயி. இப்படித்தான் இருக்கும். முயல் ஓடிச்சின்னா காத்து மாதிரி போகும்."

"ஸ்ரீராம்புரத்துல முயலுக்கு எங்கண்ணா போவே? எங்கம்மா கோழிதான் கீது."

அவர் சிரித்தார். வட கர்நாடகத்தில் பாகல்கோட்டைப் பக்கத்து ஆள். பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் கார் ஓட்டினார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஐந்தாகும். கன்னடத்தோடு தமிழைக் கலந்து பேசுவார். என்னை மரி என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு அப்போதே மீசை முளைத்து மூன்று வருஷம்.

நான் மெயின் ரோட்டில் ஒரு கோழிக்கடையில் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, பிறகு நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். கடையில் வெட்டி ஒதுக்கிய தலை, கால் எல்லாம் ஒரு டிரம்மில் சேரும். அதிலிருந்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்து, அவர் இல்லாத நேரத்தில் மாடி நாய்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அவருடைய மாடிக்குப் பின்பக்கமாக ஓர் இரும்புப் படி உண்டு. படி முடிகிற இடத்தில் கிரில் கேட். படியின் அடிவாரத்துக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்றுதான்.

சும்மா கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என் புத்தி சும்மா இருக்காதே. ஒவ்வொரு துண்டு போடுவதற்கு முன்னாலும் கோழி மாதிரி கொக்கரிப்பேன். "கொக்... கொக்... கொக்கொக்கோ!" நாய்கள் இரண்டும் காதைத் தூக்கும், எச்சில் ஒழுகும், பின்னங்கால்களில் நிற்கும். எது உயரமாகத் தாவுகிறதோ அதற்குக் கோழிக்கால். வயிறு வலிக்கச் சிரிப்பேன். பத்து நாளில், நான் கீழே நின்று கொக்கரித்தாலே மாடியில் கிரில் அதிரும்.

அதே கொல்லையில்தான் அம்மாவின் பதினோரு கோழிகள் இருந்தன. முட்டை போட்டுவிட்டு அவையும் கொக்கரிக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இல்லை.

அம்மா கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை செய்தார். விடியலில் போனால் பத்து மணிக்கு வருவார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோழிகளைத்தான் பார்ப்பார். அவற்றில் ஒன்றைக்கூட எங்களுக்கு அறுத்ததில்லை. அக்காவுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். அக்காவின் முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது பிள்ளை பெற்ற உடம்புக்குப் பிராய்லர் ரசம் வைத்துக் கொடுத்தோம் என்று அம்மாவுக்கு ஒரு குறை. பிள்ளை போனதற்கும் ரசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டுக் கரண்டியால் அடி வாங்கினேன். இந்த முறை நாட்டுக்கோழிதான், அதுவும் சொந்தக் கையால் வளர்த்ததுதான் என்று அம்மா சபதம் போல வைத்திருந்தார்.

முதல்முறை நாய்கள் வந்தது ஒரு புதன்கிழமை. கிரில் கேட்டின் பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கழன்றுபோயிருந்தது. இரண்டு கோழிகள் போயின. அம்மா வந்து பார்த்தபோது வெள்ளை நாய் சுவரோரம் உட்கார்ந்து வாயில் இறகோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் மாடிக்காரர் தலைகுனிந்து வந்து நின்றார். "அக்கா, தப்பாயித்து. புதுத் தாழ்ப்பாள் போடறேன். வலையும் கட்டறேன்."

"வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா தெரியும். நீ பாத்துக்கோ" என்று அம்மா விட்டுவிட்டார். அவர் சொன்னபடியே செய்தார். கட்டை விரல் கனத்தில் தாழ்ப்பாள். கிரில் முழுக்க நெருக்கமான கம்பி வலை.

வலை வந்ததும் என் கால்களும் தலைகளும் உள்ளே போகவில்லை. விட்டுவிட வேண்டியதுதானே? எனக்கு அது ஒரு சவால் போல ஆகிவிட்டது. தாழ்ப்பாளை இழுத்து, கேட்டை ஒரு சாண் திறந்து, உள்ளே போட்டுவிட்டு, மறுபடி பூட்டிவிட்டு இறங்குவேன். இரண்டு கோழி செத்த பிறகும் இதைச் செய்தேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் மூச்சு விட நேரம் இருக்காது. அன்று மதியம் சாப்பிட ஓடிவந்தவன், அம்மா உள்ளே அசந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு வழக்கம்போலப் படி ஏறினேன். கவரைக் கவிழ்த்தேன். பாக்கெட்டில் போன் அடித்தது. கடை முதலாளி.

"எங்கடா தொலைஞ்சே? பத்து பேர் நிக்கறாங்க!"

"வந்துகினே கீறேண்ணா!"

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினேன். கேட்டைத் தள்ளிச் சாத்தினது ஞாபகம் இருக்கிறது. தாழ்ப்பாள் ஞாபகம் இல்லை.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது சந்து முனையிலேயே அம்மாவின் குரல் கேட்டது. அழுகை இல்லை, திட்டும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. கொல்லையில் இறகு பறந்துகொண்டிருந்தது. ஐந்து கோழிகள். அதில் ஒன்று அடையில் உட்கார்ந்திருந்த கோழி. அதன் கூடை கவிழ்ந்து முட்டைகள் உடைந்து, உள்ளே பாதி உருவான குஞ்சுகள் தரையில் ஈரமாகக் கிடந்தன. தினமும் நூறு கோழி வெட்டுகிறவன் நான். அந்தக் கூடையைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டேன்.

யாரோ துரத்தி மறுபடி மாடியில் அடைத்திருந்த இரண்டு நாய்களும் என்னைக் கண்டு வாலாட்டின.

ஐந்து மணிக்கு அவர் கார் வந்து நின்றபோது சந்தில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். அவருடைய வீட்டு ஓனரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஒரு தபா சொன்னா ஒறைக்காதா உனக்கு?"

"அம்மா, தேவ்ராணே, சாமி சத்தியமா நான் தாழ்ப்பாள் போட்டுத்தான் போனேன்."

"அப்ப நாயே தெறந்துச்சா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பயம் வந்தால் எனக்குக் கிண்டல் வந்துவிடும்.

"வேட்டை நாயாச்சே, டிரைனிங் குடுத்திருப்பாரு" என்றேன்.

சந்தே சிரித்தது. அவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. இவனுமா என்பது மாதிரி ஒரு பார்வை.

ஓனரம்மா முடிவாகச் சொன்னாள்: "செவ்வாக்கிழமை அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. தாழ்ப்பாள் போட்டேன்னு. பண்ணிட்டா, உன் மேல தப்பில்ல, இருந்துக்கோ. இல்லாங்காட்டி இந்த வாரமே நாயோட ரூமைக் காலி பண்ணு."

எங்கள் சந்தில் பஞ்சாயத்து முற்றினால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் ஏதாவது ஒன்று போகும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவருக்கு அந்த வழக்கம் புதிது. ஆனாலும் உடனே தலையாட்டினார். "பண்றேன்."

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். உண்மையைத்தானே சொல்லப்போகிறார், பிழைத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அம்மா கொல்லைக்குப் போய், உடைந்த முட்டை கிடந்த இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். தலைமுடி அவிழ்ந்திருந்தது.

"அவரு போட்டது நெசம்னா, எவன் தெறந்தானோ, எவ தெறந்தாளோ, அவங்க வீட்டுல தொட்டில் ஆடாது. தாயே, நீ கேட்டுக்கோ!"

மண்ணைக் காற்றில் தூற்றினார்.

மண் பறந்து பாதி தெருவில் விழுந்தது, பாதி எங்கள் வாசலிலேயே விழுந்தது. எங்கள் வீட்டில் தொட்டிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது ஒருத்திதான்.

திங்கட்கிழமை முழுக்க நான் மனுஷனாக இல்லை. கடையில் கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது. மண்ணாவது, சாபமாவது, எல்லாம் சும்மா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடா, அதிசயமா போன் பண்றே?"

"சும்மாதான். உடம்பு எப்படி கீது?"

"காலைலேர்ந்து உள்ள அசையவே இல்லடா. தூங்குது போல. சோம்பேறி, உன்ன மாதிரி."

சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, இப்போது உதைக்கிறது என்றாள். அந்த ஒரு மணி நேரம் என் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிவிடத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மிஞ்சின நான்கு கோழிகளுக்கு அரிசி நொய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தத் தாழ்ப்பாள..."

"இன்னா, அதுக்கும் ஒரு ஜோக்கு வெச்சிருக்கியா?"

எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே சந்து முனைக் கோயிலில் கூட்டம். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டார் போல. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி அவர் முன்னால் நீட்டினார்.

"பிள்ளைங்க மேல ஆணையா, தாழ்ப்பாள் போட்டேன்னு சொல்லி அணைங்க."

அவர் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"பிள்ளைங்க மேலயா?" என்று கேட்டார்.

"ஆமா. அப்பதான் சத்தியம்."

அவர் கற்பூரத்தையே பார்த்தார். விடிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிற மனுஷன். தினமும் செய்கிற காரியம். தாழ்ப்பாள் போட்டோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால் டக்கென்று அணைத்திருப்பான்.

"பாத்தியா, கை நின்னுடுச்சு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"போட்டேன்... போட்டிருப்பேன்..." என்றார் அவர்.

"போட்டிருப்பேன்னா?" என்றாள் ஓனரம்மா. "போட்டியா, இல்லியா?"

கற்பூரம் உருகித் தட்டில் பரவிக்கொண்டிருந்தது. அணைவதற்குள் சொல்ல வேண்டும். அவர் கையை மெல்லப் பின்னால் இழுத்தார். அவ்வளவுதான், அவர் ரூமும் நாயும் போயிற்று.

"அவரு போட்டாரு. நான்தான் தெறந்தேன்" என்றேன்.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சாமி முன்னாடியுமாடா உன் வெளையாட்டு? போடா அந்தாண்ட!"

"அம்மா, சத்தியமா..."

"இவன் சத்தியத்த எந்தக் கடையில வாங்கினான்?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். இருபத்தொரு வருஷம் நான் விதைத்தது எல்லாம் அங்கே முளைத்து நின்றது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய், பூசாரி நீட்டியிருந்த தட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுட்டது. எடுக்கவில்லை.

"எங்க அக்கா வயித்துல கீற பிள்ள மேல ஆணையா, நான்தான் தெறந்தேன். தெனமும் தெறந்தேன். ஞாயித்துக்கிழம பூட்ட மறந்துட்டேன்."

அந்தக் கோயிலில் நான் குற்றவாளி இல்லை என்று சத்தியம் செய்தவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். நான்தான் செய்தேன் என்று கற்பூரம் அணைத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன். பூசாரிக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றார்.

அம்மாவைப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை. படியில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

"என் வாயி... என் வாயி... பாவி, எம் பொண்ணு மேலயே போட்டுட்டேனே!"

பிறகு தவழ்ந்த மாதிரியே வந்து மாடிக்காரர் காலைப் பிடிக்கப் போனார். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். "அக்கா, ஏளு ஏளு, எழுந்திரு!"

"உன்னப் பழி சொன்னேன். உன் வாயால ஒரு வார்த்த சொல்லுப்பா. தொட்டில் ஆடட்டும்னு சொல்லு."

"ஆடும் அக்கா. நல்லா ஆடும். அந்தக் குழந்தை என்ன பண்ணிச்சு?" என்றார். அதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அம்மா அப்போதுதான் அழுதார்.

அதன் பிறகு அவர் என்னிடம் வந்தார். "நீ தெறந்தே, சரி. நாயி ஏன் நேரா கோழிகிட்டப் போச்சு? ரோட்டுக்குப் போயிருக்கலாமில்ல?"

எல்லோருக்கும் முன்னால் அந்தக் கொக்கரிப்பு விளையாட்டையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கோயிலிலிருந்து மாடி தெரியும். "செய்து காட்டு" என்றார். அங்கே நின்று, கூட்டத்துக்கு நடுவில், சுட்ட கையைப் பிடித்துக்கொண்டு கொக்கரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாடியில் கிரில் தடதடவென்று அதிர்ந்தது. இரண்டு நாய்களும் மாறி மாறி அதன் மேல் பாய்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரூம் உனக்குத்தான். நீ இருந்துக்கோய்யா" என்று ஓனரம்மா இறங்கிவந்து சொன்னாள்.

"நான் இருப்பேன் அம்மா. நாயி இருக்க முடியாது. இங்க எல்லா வீட்டுலயும் கோழி கூவுது. எத்தனை தாழ்ப்பாள் போடறது?"

அம்மா எவ்வளவோ சொன்னார். மிஞ்சின கோழிகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். அவர் கேட்கவில்லை. ஊரில் தம்பிக்கு ஆட்டு மந்தை இருக்கிறது, வயலில் ஓடட்டும் என்றார். என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நீயும் வா. பிடிச்சுக்க ஆள் வேணும்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பின்சீட்டில் நான், இரண்டு பக்கமும் நாய்கள். ஒன்றின் தலை என் மடியில், இன்னொன்றின் மூச்சு என் கழுத்தில். ஒன்பது மணி நேரம் அவர் என்னிடம் பேசவில்லை. கண்ணாடியில் நாய்களை மட்டும் பார்த்துக்கொண்டார். ஊரில் தம்பியின் வீட்டு முன்னால் சங்கிலியைக் கழற்றினதும் இரண்டும் வெட்டவெளியைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து நின்றன. பிறகு ஓடின. அவர் சொன்னது உண்மை. காற்று மாதிரிதான் போயின. மாடியில் ஐந்தடிக்கு ஐந்தடி இடத்தில் அவற்றைத் தாவ வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் நான். அவர் மனைவி எனக்கு ரொட்டியும், பல்யா என்று அவர்கள் சொல்கிற பொரியலும் போட்டார். பெண் பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்று என் சுட்ட கையிலிருந்த துணிக்கட்டைப் பார்த்தன. என்ன ஆயிற்று என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் திரும்பும்போது முன்சீட்டில் உட்காரச் சொன்னார். சித்ரதுர்கா தாண்டுகிறவரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. அவர் கண் சொக்கியது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து மறுபடி வண்டியை எடுத்தார்.

"ஏதாவது பேசு லே. தூக்கம் வருது. நிக்காம பேசுவியே எப்பவும்?"

எனக்குப் பேச வேறு ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளில் ஆரம்பித்தேன். வலை கட்டின மறுநாள் முதன்முதலாக அதை இழுத்தது, போன் அடித்தது, ஓனரம்மா முன்னால் டிரைனிங் என்று சொன்னது, அக்காவுக்குப் போன் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஓர் இடத்திலும் சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு லாரியை முந்தின பிறகு கேட்டார்:

"எத்தனை நாளா அதுங்களுக்குக் கறி போட்டே?"

"மூணு மாசமா."

"தெனமுமா?"

"ஆமாண்ணா. ஞாயித்துக்கிழமன்னா ரெண்டு தபா."

கியரை மாற்றினார். "நான் போடற சோத்த ஏன் மோந்துகூடப் பாக்கலன்னு இப்பத் தெரியுது" என்றார். "டாக்டர்கிட்டக் காட்டினேன்டா அதுங்கள. வயித்துல பூச்சின்னு மாத்திரை குடுத்தாரு."